காலிப் பெட்டி எத்தனை கிலோ?

விமான டிக்கெட்டில் 23 கிலோ என்று போட்டிருந்தால், அந்த 23 கிலோவும் நம்முடைய பொருள்களுக்குத்தான் என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. விமான நிலையத்துத் தராசு அப்படிப் பார்ப்பதில்லை. பெட்டி, சக்கரம், கைப்பிடி, பூட்டு, மேலே மாட்டிய உறை எல்லாம் சேர்ந்துதான் 23. பெட்டி மட்டும் 5 கிலோவைத் தாண்டினால் நமக்கு மிஞ்சுவது 18 கிலோவுக்கும் குறைவு. 15 கிலோ மட்டும் அனுமதிக்கும் டிக்கெட்டில் அதே பெட்டி மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. கேபினுக்குள் 7 கிலோ என்று விதி இருக்கும்போது 3 கிலோ பெட்டியைக் கொண்டுபோனால், பாதிக்குச் சற்றுக் குறைவாக அப்போதே தீர்ந்துவிடுகிறது. எத்தனை சட்டை, எத்தனை புத்தகம் என்று மணிக்கணக்கில் யோசிக்கும் நாம், எல்லாவற்றுக்கும் முன்னால் தராசில் ஏறி உட்கார்ந்துவிடும் அந்த எடையைப் பற்றி மட்டும் யோசிப்பதே இல்லை.

நான் காலிப் பெட்டிகளை எடைபோடத் தொடங்கியது அம்மாவுக்காக. பிள்ளைகள் வெவ்வேறு ஊர்களில் இருப்பதால் அவர் தனியாகப் பயணம் செய்ய ஆரம்பித்திருந்தார். தோள்பட்டையில் வலி வேறு. ஒருநாள் அலமாரியின் மேலிருந்து வீட்டிலேயே பெரிய பெட்டியை இறக்கிக் கொடுத்தபோது, தூக்கிப் பார்த்துவிட்டு, "உள்ளே ஏதாவது வைத்திருக்கிறாயா?" என்று கேட்டார். காலிதான் என்றேன். "காலியே இவ்வளவு கனமா? நிரம்பினால் இதை யார் தூக்குவது?" என்றார். அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் தேட வேண்டும் என்று தோன்றியது. வீட்டில் இருந்த பெட்டிகளை எல்லாம் வரிசையாகத் தராசில் ஏற்றினேன். பிறகு அக்கா வீட்டுப் பெட்டிகள், நண்பர்களின் பெட்டிகள், கடையில் இருக்கும் பெட்டிகள் என்று அந்தப் பழக்கம் வளர்ந்துவிட்டது.

அப்படி எடைபோட்டுப் பார்த்ததில் பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். கேபினுக்குள் கொண்டுபோகும் 20 முதல் 22 அங்குலப் பெட்டிகள் பெரும்பாலும் இரண்டரை முதல் மூன்றரை கிலோ இருக்கும். எடை குறைவு என்று சொல்லி விற்பவற்றில் நல்லவை 2 கிலோவை ஒட்டி வரும். 24 முதல் 26 அங்குல நடுத்தரப் பெட்டிகள் மூன்றிலிருந்து நாலரை. 28 அங்குலமும் அதற்கு மேலும் போனால் நாலில் தொடங்கி ஐந்தரை வரை. இலேசானவை இந்தப் பெரிய அளவிலும் மூன்று, மூன்றேகால் கிலோவில் கிடைக்கின்றன. அலுமினியப் பெட்டிகள் தனி இனம். அவற்றில் கேபின் அளவே 4 கிலோவைத் தாண்டிவிடும், பெரியவை 6 கிலோவுக்கு மேல் போகும். சக்கரமே இல்லாத துணிப் பயணப் பைகளோ, பெரிய அளவிலும் ஒன்று, ஒன்றரை கிலோவுக்குள் அடங்கிவிடுகின்றன.

ஒரே அளவுள்ள இரண்டு பெட்டிகளுக்கு இடையே இரண்டு கிலோவுக்கும் மேல் வித்தியாசம் வருவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வெளியே நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டு கிலோ என்பது ஒரு கெட்டியான சால்வை, ஒரு ஜோடிக் காலணி, சில புத்தகங்கள். கூடுதல் எடைக்குக் கட்டணம் கேட்கும் இடத்தில் அது பணமும்கூட.

சக்கரம் வந்த பிறகுதான் நாம் பெட்டியின் எடையை மறந்தோம் என்று நினைக்கிறேன். கையில் தூக்கி நடந்த காலத்தில் எவரும் எடையைக் கவனிக்காமல் இருந்திருக்க முடியாது. பெர்னார்ட் சேடோ என்ற அமெரிக்கர் பெட்டியின் அடியில் சக்கரங்களைப் பொருத்தி, பட்டை கட்டி இழுக்கும் யோசனைக்கு 1972இல் காப்புரிமை பெற்றார். பெட்டியை நிமிர்த்தி, இரண்டு சக்கரமும் நீளும் கைப்பிடியும் வைத்து இழுக்கும் இன்றைய வடிவத்தை 1987இல் ராபர்ட் பிளாத் என்ற விமானி உருவாக்கினார். முதலில் விமானப் பணியாளர்கள்தான் அதை இழுத்துக்கொண்டு நடந்தார்கள், அவர்களைப் பார்த்துப் பயணிகள் கேட்டு வாங்கினார்கள். அருமையான கண்டுபிடிப்பு, சந்தேகமில்லை. ஆனால் சமதளத்தில் எடையை மறைக்கும் அதே சக்கரமும் கைப்பிடியும் பெட்டியின் எடையைக் கூட்டவும் செய்கின்றன. படிக்கட்டிலும், ரயிலின் வாசலிலும், காரின் பின்பகுதியிலும், தராசின் மேலும், இருக்கைக்கு மேலுள்ள தட்டிலும் சக்கரம் உதவாது. அங்கெல்லாம் கைதான் தூக்க வேண்டும். வயதானவர்களும் தனியாகப் பயணம் செய்பவர்களும் திண்டாடுவது இந்தச் சில நொடிகளில்தான்.

எடை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு பழைய பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். துணி மூடிய பெரிய பெட்டி, முழுதாக 5.2 கிலோ. கைப்பிடி உடைந்து, இனிப் பழுதுபார்க்க முடியாது என்ற நிலையில் இருந்தது. திருகுகளைக் கழற்றி, உள்துணியைக் கிழித்து, ஒவ்வொரு பாகத்தையும் சமையலறைத் தராசில் வைத்துக் குறித்துக்கொண்டேன். இழுப்புக் கைப்பிடியும் அதன் இரும்புக் குழாய்களும் மட்டும் ஏறத்தாழ 900 கிராம். நான்கு சக்கரங்களும் அவற்றைத் தாங்கும் பிளாஸ்டிக் கூடுகளும் 600 கிராம். முதுகுப் பக்கத்துப் பிளாஸ்டிக் தகடு, அடித்தட்டு, ஓரத்தில் ஓடும் கம்பி எல்லாம் சேர்ந்து 1.3 கிலோ. வெளித்துணி, உள்துணி, நடுவே இருந்த பஞ்சு ஆகியவை 1.7 கிலோ. ஜிப்புகள் மட்டும் 350 கிராம் வந்தன. மீதி, பக்கக் கைப்பிடிகள், மூலைக் காப்புகள், திருகுகள், பெயர் பொறித்த உலோகத் தகடு.

இந்தக் கணக்கு எனக்கு நிறையச் சொல்லித்தந்தது. துணி கெட்டியா மெல்லியதா என்று கடையில் தடவிப் பார்க்கிறோம். கைப்பிடியும் சக்கரமும் சட்டமும் சேர்ந்து பாதிக்கு மேல் எடை பிடிப்பது கண்ணில் படுவதில்லை. ஜிப்பின் கணக்கும் அப்படித்தான். வெளியே மூன்று பைகள், விரிவாக்கும் ஜிப், உள்ளே இரண்டு அறைகள் என்று வசதிகள் கூடக் கூட, ஒவ்வொன்றுக்கும் ஜிப்பும் துணியும் தையலும் சேர்கின்றன. விரிவாக்கும் ஜிப்பைத் திறந்தால் பெட்டி அளவு மீறிவிடும் அபாயமும் உண்டு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 செ.மீ. என்பது பல விமான நிறுவனங்கள் வைத்திருக்கும் வரம்பு. சக்கரமும் கைப்பிடியும் இந்த அளவில் சேர்த்தி.

பொருளைப் பற்றி வருவோம். கெட்டி ஓடு கொண்ட பெட்டிகளில் ஏபிஎஸ், பாலிகார்பனேட், பாலிப்ரோப்பிலீன் என்ற மூன்று பிளாஸ்டிக்குகள்தான் அதிகம். அடர்த்தியைப் பார்த்தால், ஒரு கன சென்டிமீட்டருக்குப் பாலிப்ரோப்பிலீன் சுமார் 0.9 கிராம், ஏபிஎஸ் 1.05, பாலிகார்பனேட் 1.2. அலுமினியம் 2.7. இந்த எண்களை மட்டும் பார்த்தால் பாலிகார்பனேட் பெட்டி ஏபிஎஸ் பெட்டியைவிடக் கனமாக இருக்க வேண்டும். கடையில் பலமுறை அது தலைகீழாக இருக்கும். காரணம் தடிமன். பாலிகார்பனேட் அடி தாங்கும், அழுத்தினால் உள்ளே போய்த் திரும்ப எழும், அதனால் மெல்லிய தகடாகவே செய்துவிடலாம். ஏபிஎஸ் அந்த அளவு வளையாது. மெல்லியதாகச் செய்தால் மூலையில் விரிசல் விடும், விடாமலிருக்கத் தடிமனைக் கூட்ட வேண்டும். இரண்டையும் கலந்து செய்பவையும் நிறைய. 'பாலிகார்பனேட்' என்று பெரிய எழுத்தில் போட்டு, 'ஏபிஎஸ் கலந்தது' என்று உள்ளே சிறிய எழுத்தில் எழுதியிருப்பார்கள். அந்தச் சிறிய எழுத்தைத் தேடிப் படியுங்கள்.

பாலிப்ரோப்பிலீனில் இன்னொரு வகை உண்டு. அந்தப் பிளாஸ்டிக்கையே நீண்ட பட்டைகளாக இழுத்து, துணிபோல நெய்து, பிறகு சூடும் அழுத்தமும் கொடுத்து ஓடாக வார்க்கிறார்கள். கர்வ் என்ற பெயரில் வரும் இந்தப் பொருளில் சாம்சோனைட் நிறுவனம் 2008இல் காஸ்மோலைட் வரிசையைக் கொண்டுவந்தது. சிப்பி ஓடுபோல வரிகள் ஓடும் அந்தப் பெட்டியை நான் முதலில் தூக்கியபோது, கை தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. அவ்வளவு இலேசு. பாலிகார்பனேட், ஏபிஎஸ் பெட்டிகளைவிட விலை நன்றாகவே கூடுதல், அதையும் சொல்லிவிட வேண்டும்.

துணிப் பெட்டிகளில் டெனியர் என்ற எண்ணைப் பார்ப்பீர்கள். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுதான் டெனியர். 1680 டெனியர் என்றால் தடித்த நூல், உராய்வைத் தாங்கும், கனமும் அதிகம். அதற்காக எண் பெரியதாக இருந்தால் நல்ல பெட்டி என்று முடிவு செய்துவிட முடியாது. நூல் நைலானா பாலியஸ்டரா, நெசவு நெருக்கமா, பின்பக்கம் பூச்சு உண்டா என்பவையும் சேர்ந்துதான் உழைப்பு. இலேசான துணிப் பெட்டிகளில் இரும்புக் கம்பிக்குப் பதில் கண்ணாடியிழைக் கம்பியைச் சட்டமாக வைக்கிறார்கள். அழுத்தினால் வளைந்து மீண்டும் நிமிரும். நல்ல யோசனை என்பது என் கருத்து. ஆனால் பெட்டியைப் பாதி காலியாக வைத்து அனுப்பினால் மேலே ஏறும் மற்றப் பெட்டிகளின் பாரத்தில் அது நசுங்கும். அத்தகைய பெட்டிக்குள் உடையக்கூடியதை வைக்க நான் துணிவதில்லை.

கெட்டி ஓடா துணியா என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகம். எடையை மட்டும் வைத்து இதற்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது, இரண்டிலும் இலேசானவை இருக்கின்றன. மழையும் உடையக்கூடிய பொருளும் கவலை என்றால் கெட்டி ஓடு. ஓரத்தில் இன்னும் ஒன்றைத் திணித்துக்கொள்ளவும், வெளிப்பையிலிருந்து சட்டென்று எடுக்கவும் வேண்டும் என்றால் துணி. இரண்டு பக்கமாக நடுவே பிளந்து திறக்கும் ஓட்டுப் பெட்டிக்கு அறையில் இரட்டிப்பு இடம் வேண்டும். சிறிய அறைகளில் தங்குபவர்கள் அதையும் யோசிக்கலாம்.

சக்கர விஷயத்தில் என் சாய்வு வெளிப்படையானது. நான் இரண்டு சக்கரப் பெட்டிகளின் பக்கம். இரண்டு சக்கரங்கள் குறைவதால் எடை குறைகிறது. அவை பெட்டிக்குள் பதிந்து இருப்பதால் வெளியே துருத்துவதில்லை, அதே 158 செ.மீ. வரம்புக்குள் உள்ளே கொஞ்சம் கூடுதல் இடம் கிடைக்கிறது. கரடுமுரடான தரையிலும் நடைபாதை விளிம்பிலும் அவை உருளும் விதமே வேறு. ஆனால் சாய்த்து இழுக்கும்போது பாரத்தின் ஒரு பகுதி கைக்கும் தோளுக்கும் வருகிறது. அம்மாவுக்கு அது ஒத்துவராது. நான்கு சக்கரப் பெட்டியை அவர் பக்கத்தில் நிறுத்தி விரலால் தள்ளிக்கொண்டு போகிறார். அதனால் அவருக்கு மட்டும் கூடுதல் சக்கரத்தின் எடையை மனமார ஏற்றுக்கொண்டோம். யாருக்குத் தோளில் வலி, யாருக்கு முழங்காலில் வலி என்று தெரியாமல் சக்கரத்தைப் பற்றி யோசனை சொல்ல முடியாது.

கடைக்குப் போகும்போது இரண்டு பொருள்களைக் கைப்பையில் வைத்துக்கொள்கிறேன். ஒன்று, கொக்கியில் மாட்டித் தூக்கும் சிறிய மின்னணுத் தராசு. 50 கிலோ வரை காட்டும். இன்னொன்று, ஒரு சிறிய காந்தம். முதன்முதலாகத் தராசை எடுத்தபோது விற்பனையாளர், "எடை அட்டையிலேயே போட்டிருக்கிறதே, மேடம்" என்றார். உண்மைதான், போட்டிருந்தது. எடைபோட்டதும் அட்டையில் இருந்ததைவிடக் கால் கிலோ கூடுதலாக வந்தது. அவரும் வியப்போடு திறந்து பார்த்தார். உள்ளே கழற்றி மாட்டும் நடுத்தடுப்பு, உடைகளை மடித்து வைக்கும் உறை, ஒரு சிறிய ஜிப் பை எல்லாம் இருந்தன. அவற்றை எடுத்துவிட்டுப் போட்டால் அட்டையில் உள்ள எடை சரியாக வந்தது. எவரும் பொய் எழுதவில்லை. அவற்றோடு பயணம் செய்யும் நமக்குத்தான் அந்தக் கால் கிலோ. அந்த விற்பனையாளர் பிறகு பொறுமையாக அடுத்தடுத்த பெட்டிகளைத் தானே எடுத்துக் கொடுத்து, எடையை என்னோடு சேர்ந்து படித்துக்கொண்டிருந்தார்.

காந்தம் கைப்பிடிக் குழாய்க்கு. ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம். அலுமினியக் குழாய் எடையைக் குறைக்கும். ஆனால் மெல்லிய அலுமினியம் எளிதில் வளையும், வளைந்த குழாய் உள்ளே இறங்காது. அதனால் கைப்பிடியை முழுதும் இழுத்து, பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்கிறேன். சிறிய ஆட்டம் எல்லாப் பெட்டியிலும் இருக்கும், இருப்பதும் நல்லதுதான், அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். குழாய்கள் ஒன்றுக்கொன்று கோணலாகத் திரும்பினால் வாங்க வேண்டாம். மேல்கைப்பிடியையும் பக்கக் கைப்பிடியையும் பிடித்து நன்றாக உலுக்கிப் பார்க்க வேண்டும். நிரம்பிய பெட்டியின் 23 கிலோவும் தொங்கப்போவது அந்த இரண்டு திருகுகளில்தான். எடையைக் குறைக்கக் கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

இலேசான பெட்டி என்றதும் எல்லாரும் ஓட்டின் மெல்லிய தன்மையைக் கண்டு அஞ்சுகிறார்கள். நான் பார்த்தவரையில் ஓடு உடைந்து வீணான இலேசான பெட்டிகள் குறைவு. சக்கரமும் ஜிப்பும்தான் முதலில் போகின்றன. அக்காவின் பெட்டி மிக இலேசானது, ஓடு இன்றும் புதிதுபோல இருக்கிறது. ஒரு பயணத்தில் அதன் சக்கரம் கூட்டோடு பிய்ந்து வந்தது. உள்ளே பார்த்தால், மெல்லிய ஓட்டில் நேரடியாக ரிவெட் அடித்திருந்தார்கள், பின்னால் தாங்கும் தகடு இல்லை. இப்போது நான் பெட்டியைத் திறந்து உள்துணியின் ஜிப்பை விலக்கி, சக்கரக் கூட்டின் பின்புறத்தைத் தடவிப் பார்க்கிறேன். திருகு போட்டதா, ரிவெட் அடித்ததா, தகடு உண்டா என்று அங்கே தெரிந்துவிடும். திருகு போட்ட சக்கரத்தை மாற்றிவிடலாம். ஒரு சக்கரம் போனதற்காக முழுப் பெட்டியையும் எறிய வேண்டியதில்லை.

ஜிப்பைப் பற்றி இன்னொரு செய்தி. சுருள் பல் கொண்ட நைலான் ஜிப் இலேசானது, வளைந்து கொடுக்கும், பெரும்பாலான பெட்டிகளில் அதுதான். பேனாவின் முனையைக் குத்தினால் அது பிளந்துவிடும், பூட்டு பூட்டியபடியே இருக்கும். இரட்டைச் சுருள் கொண்ட ஜிப்புகள் குத்துவதற்கு அவ்வளவு எளிதில் இடம் கொடுப்பதில்லை, அவற்றின் கூடுதல் எடை சில கிராம்தான். அந்தச் சில கிராமை நான் மகிழ்ச்சியாகச் சுமப்பேன். நகை, மருந்து, ஆவணம் ஆகியவை எந்தப் பெட்டியானாலும் கையோடுதான் வர வேண்டும் என்பது தனிக் கதை.

அக்காவின் சக்கரம் பிய்ந்தபோது, அவள் வெளியே வந்துவிடாமல் பெட்டி வரும் பட்டையருகே உள்ள மேசையிலேயே புகார் எழுதிக் கொடுத்து, படமும் எடுத்துக்கொண்டாள். அதுதான் சரி. சர்வதேசப் பயணங்களுக்கான 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, ஒப்படைத்த பெட்டி சேதமடைந்தால் அதைப் பெற்றுக்கொண்ட 7 நாள்களுக்குள் எழுத்தில் புகார் கொடுத்துவிட வேண்டும். தாமதமாக வந்தால் 21 நாள். பெட்டியின் உள்ளார்ந்த குறையால் வந்த சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பில்லை என்றும் அதே உடன்படிக்கை சொல்கிறது. ஏற்கெனவே தளர்ந்த சக்கரத்தோடும் கிழிந்த தையலோடும் பெட்டியை ஒப்படைத்தால் வாதாடுவது கடினம். ஒப்படைக்கும் முன் பெட்டியைச் சுற்றி ஒரு படம் எடுத்துக்கொள்ள அரை நிமிடம் போதும்.

அளவு என்ற விஷயத்தில் நான் பலரோடு வாதாடியிருக்கிறேன். இலேசான பெரிய பெட்டி கிடைத்தால் அதில் நிறைய வைக்கலாம் என்பது இயல்பாகத் தோன்றும் கணக்கு. 100 லிட்டர் பெட்டியில் துணிகளை நெருக்கி அடுக்கினாலே 23 கிலோ எட்டிவிடும். நடுவே புத்தகமோ காலணியோ மின்கருவியோ சேர்ந்தால் பெட்டியில் இடம் மிச்சம் இருக்க, எடை மிஞ்சிவிடும். இடம் இருப்பதைக் கண்டால் கை சும்மா இருக்காது. 32 கிலோவுக்கு மேல் உள்ள ஒற்றைப் பெட்டியைப் பல விமான நிறுவனங்கள் கட்டணம் கொடுத்தாலும் ஏற்பதில்லை, பெட்டிகளைத் தூக்கும் தொழிலாளர்களின் முதுகைக் காக்க வைத்த வரம்பு அது. 23 கிலோ டிக்கெட்டுக்கு 65 முதல் 75 லிட்டர் வரையிலான 26 அங்குலப் பெட்டி மிகப் பொருத்தம் என்பேன். கனமான பொருள்களோடு செல்பவர்களுக்கு அதைவிடச் சிறியதே போதும். பெட்டியின் அளவு சிறுத்தாலே முக்கால் கிலோ, ஒரு கிலோ தானாகக் குறைகிறது. பொருளை மாற்றி எடை குறைப்பதைவிட இது மலிவான வழி.

ஒரே அளவிலுள்ள பெட்டிகளை ஒப்பிட ஒரு சிறிய கணக்கு வைத்திருக்கிறேன். எத்தனை லிட்டர் கொள்ளும் என்பதைக் காலி எடையால் வகுப்பேன். 70 லிட்டர் கொள்ளும் பெட்டி 2.8 கிலோ என்றால் கிலோவுக்கு 25 லிட்டர், நன்று. அதே 70 லிட்டருக்கு 4 கிலோ என்றால் 17.5 வருகிறது, வேறு பெட்டி பார்க்கலாம். சிறிய பெட்டிகளில் இந்த எண் எப்போதும் குறைவாகவே வரும், ஏனென்றால் கைப்பிடியும் சக்கரமும் பெட்டியின் அளவுக்கு ஏற்பச் சிறுப்பதில்லை. அதனால் கேபின் பெட்டியைக் கேபின் பெட்டியோடுதான் ஒப்பிட வேண்டும்.

கேபின் பெட்டிதான் எல்லாவற்றிலும் கறாரானது. 7 கிலோ என்று சொல்லிவிட்டு, தோள்பையையும் சேர்த்தே எடைபோடும் நிறுவனங்கள் உண்டு. மடிக்கணினியும் சார்ஜரும் சேர்ந்து இரண்டு கிலோ, பெட்டி மூன்று என்றால் உடைக்கு என்ன மிஞ்சும்? இப்படிப்பட்ட பயணங்களில் நான் சக்கரத்தையே விட்டுவிடுகிறேன். முதுகில் மாட்டும் 35 லிட்டர் பை ஒன்று, ஒரு கிலோவுக்குள். கேபின் பெட்டியோடு ஒப்பிட்டால் ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை என் பொருள்களுக்கே திரும்பக் கிடைக்கிறது. முதுகு ஒத்துழைக்கும்வரை இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. ஒத்துழைக்காதவர்களுக்கு 2 கிலோவை ஒட்டிய இரண்டு சக்கரப் பெட்டி.

பெட்டியை இலேசாக வாங்கிவிட்டு, பிறகு எடையைத் திரும்பச் சேர்ப்பதையும் பார்க்கிறேன். மேலே மாட்டும் கெட்டித் துணி உறை, இரண்டு பூட்டு, சுற்றிக் கட்டும் பட்டை, உள்ளே உடைகளைப் பிரித்துவைக்கும் சதுரப் பைகள் ஆறேழு. எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட்டால் ஒரு கிலோவை நெருங்கும். உறை பெட்டியின் நிறத்தைக் காக்கிறது, அதற்குமேல் எனக்கு அதில் பயன் தெரியவில்லை. சதுரப் பைகள் வேண்டும் என்றால் வலைத்துணியில் மெல்லியதாக வாங்கலாம். மின்கலம் பொருத்தி, கைபேசிக்கு மின்னேற்றம் கொடுக்கும் பெட்டிகளை நான் ஒதுக்கிவிடுகிறேன். கழற்ற முடியாத லித்தியம் மின்கலம் உள்ள பெட்டிகளைப் பல விமான நிறுவனங்கள் 2018ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்தே ஏற்பதில்லை. கழற்ற முடிந்தாலும் அதன் எடை பெட்டியோடுதான் வருகிறது.

வீட்டில் தொங்கு தராசு இல்லாதவர்கள் ஆள் நின்று பார்க்கும் எடைக்கருவியிலேயே பார்த்துவிடலாம். பெட்டியை மட்டும் அதன்மேல் வைத்தால் காலிப் பெட்டியின் சிறிய எடையைப் பல கருவிகள் ஒழுங்காகக் காட்டுவதில்லை, பெரிய பெட்டி எண்ணையும் மறைத்துவிடும். முதலில் நீங்கள் மட்டும் ஏறி நில்லுங்கள், பிறகு பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நில்லுங்கள், இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழியுங்கள். கடினமான தரையில் வைத்துச் செய்ய வேண்டும், விரிப்பின் மேல் வைத்தால் எண் மாறும். கிடைத்த எடையை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பெட்டியின் உட்புறம் ஒட்டிவிடுகிறேன். எங்கள் வீட்டில் எல்லாப் பெட்டிகளிலும் அந்தத் தாள் இருக்கிறது. அடுக்கத் தொடங்கும்போதே எவ்வளவு மிச்சம் என்று எல்லாருக்கும் தெரிகிறது, கடைசி இரவில் பெட்டியைத் திறந்து எடுப்பதும் வைப்பதுமாக இருக்கும் பதற்றம் குறைந்துவிட்டது.

அம்மாவுக்கு இறுதியில் வாங்கியது 24 அங்குலத்தில் நான்கு சக்கரமுள்ள பாலிகார்பனேட் பெட்டி, தடுப்புகளை எடுத்தபின் 2.9 கிலோ. அவருக்கு 23 கிலோ அனுமதி இருந்தாலும் நாங்கள் 16க்கு மேல் வைப்பதில்லை. தராசின் மேடைக்கு அவரே தூக்கி வைக்க முடிகிற எடை அதுதான் என்று வீட்டிலேயே தூக்கிப் பார்த்து முடிவு செய்தோம். பழைய பெரிய பெட்டிகளை எறியவில்லை. காரில் போகும்போதும், வீடு மாற்றும்போதும் அவை வருகின்றன, மற்ற நாள்களில் குளிர்காலப் போர்வைகள் அவற்றுக்குள் இருக்கின்றன.